புராசசர் வசதியை அணைக்கும் ஒற்றை வரி: எண்ணை அல்ல, பெயரைப் பகிருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினியைக் குப்பைக்கு அனுப்பாமல் லினக்ஸ் நிறுவி வைத்துக்கொள்வது நல்ல முடிவு. ஆனால் அதோடு சேர்ந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒற்றை வரிக் குறிப்புகளும் சுற்றுகின்றன. "கிரப்பில் கிளியர்சிபியுஐடி=514 போடுங்கள், விளையாட்டு ஓடும்", "304 போடுங்கள், சூடு குறையும்" என்று எண் மட்டும் வருகிறது. கிரப் என்பது கணினியை எழுப்பும் நிரல்; கிளியர்சிபியுஐடி என்பது புராசசரின் ஒரு வசதியை அணைக்கச் சொல்லும் சுவிட்சு. அந்த எண் எதை அணைக்கிறது, அணைத்தால் என்ன போகும் என்ற விளக்கம் வருவதில்லை. உங்கள் தொழில்நுட்பப் பக்கம் இதை எடுத்து விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தேவையான விவரங்களை இங்கே தருகிறேன்.

கணினி எழும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், சிபியுஐடி என்ற கட்டளையால் புராசசரிடம் "உன்னிடம் என்னென்ன உண்டு" என்று கேட்கும். 1993இல் பென்டியத்தோடு பரவிய கட்டளை அது. பதில் பிட் பிட்டாக வரும். கெர்னல் அவற்றை 32 பிட் கொண்ட வரிசைகளாக அடுக்கி வைத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வரும் எண், வரிசை எண்ணை 32ஆல் பெருக்கி, பிட் எண்ணைக் கூட்டினால் கிடைப்பது. 9ஆம் வரிசையில் 16ஆம் பிட் என்றால் 304. அது, ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512இன் அடிப்படை வசதி. 16ஆம் வரிசையில் 2ஆம் பிட் என்றால் 514. அது யுமிப் என்ற பாதுகாப்பு வசதி. 9ஆம் வரிசையில் 20ஆம் பிட் என்றால் 308. அது ஸ்மாப் என்ற பாதுகாப்பு வசதி.

304க்கும் 308க்கும் கடைசி இலக்கம் மட்டுமே வேறு. கைத்தொலைபேசியைப் பார்த்துத் தட்டும்போது 4க்குப் பதில் 8 விழுந்தால் கணினி வழக்கம்போல் எழும், எந்த எச்சரிக்கைப் பெட்டியும் வராது. ஆனால் சாதாரண நிரல்களின் நினைவகத்தைக் கெர்னல் தவறுதலாகத் தொட்டுவிடாமல் காக்கும் சுவர் இடிந்திருக்கும். கெர்னலில் ஓர் ஓட்டை கிடைத்தால் அதை வைத்து முழுக் கணினியையும் பிடிக்க முயலும் நிரலுக்கு அந்தச் சுவர்தான் பெரிய தடை. சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸும் வங்கிக் கணக்கும் திறக்கும் கணினியில் இப்படி நடப்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2022இல் வெளிவந்த 5.19 கெர்னலிலிருந்து எண்ணுக்குப் பதில் பெயரையே எழுதலாம். புராக் அடைவிலுள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில், ஃபிளாக்ஸ் என்று தொடங்கும் வரியில் காணும் பெயர்தான் அது. ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல், ஏவிஎக்ஸ்512எஃப் என்றோ யுமிப் என்றோ எழுதினால் போதும். லினக்ஸ் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட வசதிகளின் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. பெயருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஸ்மாப் போன்ற வசதிகளை அணைக்க இருந்த நோஸ்மாப், நோஸ்மெப் என்ற பழைய தனித்தனிச் சுவிட்சுகளும் அதே பதிப்பில் நீக்கப்பட்டன. பழைய குறிப்பைப் பார்த்து அவற்றை எழுதினால் ஒன்றும் நடக்காது.

மிகப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது அடுத்த விஷயத்தைத்தான். கிளியர்சிபியுஐடி சுவிட்சு வசதியைக் கெர்னலிடமிருந்து மட்டுமே மறைக்கிறது. சிபியுஇன்ஃபோவில் பெயர் காணாமல் போகும், கெர்னல் தன் வேலைகளுக்கு அதைப் பயன்படுத்தாது. ஆனால் சாதாரண நிரல் ஒன்று சிபியுஐடியை நேரடியாகக் கேட்டால், புராசசர் உண்மையைத்தான் சொல்லும். ஏவிஎக்ஸ்-512க்கு முந்தைய ஏவிஎக்ஸ்2வை மட்டும் அணைத்துவிட்டு, வீடியோ மாற்றும் மென்பொருள் இனி அதைத் தொடாது என்று நம்பினால் ஏமாற்றம்தான். மாறுவது கெர்னலின் மறைக்குறியீட்டு நிரலும் பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கணக்கும் போன்றவையே.

ஏவிஎக்ஸையே அணைத்தால் கதை வேறு. அதைச் சார்ந்த ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, ஏவிஎக்ஸ்-512 எல்லாவற்றையும் கெர்னல் சேர்த்தே அணைத்துவிடும். 256 பிட் பதிவகங்களை (புராசசரின் உள் நினைவிடங்களை) சேமிக்கும் ஏற்பாட்டையும் புராசசரில் இயக்காமல் விடும். அதன்பின் ஏவிஎக்ஸ் கட்டளை எதை ஓட்டினாலும் புராசசர் மறுத்துவிடும். சிபியுஐடியோ இன்னும் "உண்டு" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கெர்னல் அனுமதித்திருக்கிறதா என்பதையும் எக்ஸ்கெட்பிவி கட்டளையால் கேட்டுப் பார்க்கும் நிரல்கள் பிழைக்கும். கேட்காதவை "செல்லாத கட்டளை" என்று சொல்லிச் செத்துவிழும். 2025இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 போல, ஏவிஎக்ஸ்2 உள்ளிட்ட மூன்றாம் நிலைக் கட்டளைத் தொகுப்பைக் குறைந்தபட்சத் தேவையாகக் கொண்ட விநியோகத்தில் இதைச் செய்தால் முதல் நிரலே எழாமல் கெர்னல் நின்றுபோகும்.

மறையாக்கக் கணக்கை விரைவாக்கும் ஏஇஎஸ் வசதியை அணைப்பவர்களும் உண்டு. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து வைத்திருந்தால், அந்தக் கணக்கு மென்பொருள் வழிக்கு மாறிவிடும், கோப்பு நகலெடுப்பது வெளிப்படையாகவே மெதுவாகும். அதைப் பார்த்துவிட்டு வட்டைக் குறை சொல்கிறார்கள்.

304 பகிர்பவர்களின் நோக்கம் தவறில்லை. ஸ்கைலேக் காலத்து இன்டெல் சேவையகப் புராசசர்களில் கனமான ஏவிஎக்ஸ்-512 வேலை ஓடும்போது கடிகார வேகம் இறங்குவது உண்மை. ஆனால் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவது கெர்னல் அல்ல, நிரல்களும் அவை சார்ந்திருக்கும் சி நூலகமும்தான். 304 போட்டால் எல்லா நிரல்களுக்கும் சேர்த்தே அது பறிபோகும். சி நூலகத்தை மட்டும் தடுக்க வேண்டுமானால் ஜிலிப்சி டியூனபிள்ஸ் என்ற சூழல் மாறியில் ஹெச்டபிள்யூகேப்ஸ் என்ற பகுதிக்குக் கழித்தல் குறியுடன் வசதியின் பெயரைக் கொடுக்கலாம். அந்த ஒரு நிரலோடு விளைவு நின்றுவிடும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பழைய புராசசரில் தங்கள் நிரல் எப்படி நடக்கும் என்று சோதிக்க விரும்பினால், கியுஎம்யு மெய்நிகர்க் கணினியில் புராசசர் மாதிரிப் பெயருக்குப் பின் காற்புள்ளியும் கழித்தல் குறியும் இட்டு வசதியின் பெயரை எழுதுவதே சரி. அங்கே சிபியுஐடியின் பதிலே மாறிவிடுவதால் எந்த நிரலும் குழம்பாது.

514க்கும் காரணம் இருக்கிறது. கெர்னலின் உள் அட்டவணைகள் இருக்கும் முகவரியைச் சாதாரண நிரல்கள் படிக்க முடியாமல் தடுப்பது யுமிப். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியே இயங்கும் சில நிரல்கள் அந்தக் கட்டளைகளை எதிர்பார்ப்பதால் கெர்னல் போலி மதிப்புகளைத் தருகிறது. அதிலும் ஒத்துவராத நிரலுக்குத்தான் இந்தச் சுவிட்சு தேவை. விளையாட்டு ஏற்கெனவே ஓடுகிறதென்றால் இதைப் போடுவதில் பயனே இல்லை.

இல்லாத வசதியை உண்டு என்று சொல்ல வைப்பது இன்னும் ஆபத்து. சில பென்டியம் எம் புராசசர்கள் கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்த உதவும் பிஏஇ வசதியை உள்ளே வைத்துக்கொண்டே வெளியே காட்டுவதில்லை. அவற்றுக்காக ஃபோர்ஸ்பிஏஇ என்ற சுவிட்சு இருக்கிறது. அது நியாயமான விதிவிலக்கு. மற்றபடி, எந்த வசதியையும் வலிந்து ஏற்றும் செட்சிபியுஐடி சோதனையாளர்களுக்கானது, வீட்டுக் கணினிக்கு வேண்டவே வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வசதி பறிபோனால் என்ன ஆகும் என்பதை 2014 காட்டியது. ஹாஸ்வெல் புராசசர்களின் ஒரே நினைவகத்தைப் பல இழைகள் ஒருங்கே கையாள உதவும் டிஎஸ்எக்ஸ் வசதியில் பிழை இருந்ததால் இன்டெல் மைக்ரோகோடு (புராசசருக்குள் ஏற்றப்படும் திருத்த நிரல்) வழியாக அதை முடக்கியது. கணினி எழுந்த பிறகு அந்த மைக்ரோகோடு ஏறிய இடங்களில், டிஎஸ்எக்ஸ் இருக்கிறது என்று முன்பே முடிவு செய்திருந்த நிரல்கள் நடுவழியில் நொறுங்கின. கெர்னலும் அப்படித்தான். எழும்போதே தன் நிரலைப் புராசசருக்கு ஏற்ப ஒட்டிச் சீரமைத்துக்கொள்வதால், இந்தச் சுவிட்சுகள் எல்லாம் துவக்க வரியில் மட்டுமே செல்லும்.

ஆகவே நிரந்தரமாக எழுதுவதற்கு முன் ஒருமுறை மட்டும் சோதியுங்கள். கிரப் பட்டியல் திரையில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். எழாவிட்டால் மின்சாரத்தை அணைத்து மீண்டும் போட்டால் போதும், எதுவும் சேமிக்கப்பட்டிருக்காது. எழுந்தால் புராக் அடைவின் சிஎம்டிலைன் கோப்பில் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறதா, சிபியுஇன்ஃபோவில் நினைத்த பெயர் மட்டும் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் பதிவிலும் அணைத்த பிட்டுகள் குறிக்கப்பட்டிருக்கும். கெர்னல் இயல்பு நிலையில் இல்லை என்பதைக் குறிக்கும் டெயின்டட் கோப்பு 0க்குப் பதில் 4 காட்டினால் அதிர வேண்டாம், இந்தச் சுவிட்சு வேலை செய்வதற்கான அடையாளம் அது. ஆனால் அந்த நிலையில் பிழை அறிக்கை அனுப்பினால் கெர்னல் நிரலாளர்கள் முதலில் சுவிட்சை எடுக்கத்தான் சொல்வார்கள்.

ராஸ்பெரி பை போன்ற, ஆர்ம் வகைப் புராசசர் கொண்ட கருவிகளில் இதே வரி செல்லாது. அங்கே ஆர்ம்64.நோபிடிஐ, ஆர்ம்64.நோஎம்டிஇ எனத் தனிச் சுவிட்சுகள் உண்டு. நிரல்கள் புராசசரின் அடையாளப் பதிவகங்களைப் படிக்கும்போது கெர்னலே குறுக்கிட்டுப் பதில் சொல்வதால், அந்த மறைப்பு சாதாரண நிரல்களுக்கும் பொருந்தும்.

நிரந்தரமாக வைக்க முடிவு செய்தால், இடிசி அடைவின் டிஃபால்ட் பகுதியிலுள்ள கிரப் கோப்பில் சேர்த்து, உபுண்டு, டெபியன் வகைகளில் அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள். எதற்காகச் சேர்த்தீர்கள் என்பதை அதே கோப்பில் # குறியிட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். கெர்னலோ அந்த விளையாட்டோ புதுப்பிக்கப்பட்ட பிறகு, சுவிட்சை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கணினி இயக்கமுறைமைப் பொறியாளர்,
ஈசூன்