சுட்டது யாருன்னு தலைப்புல சொல்லுங்க: செய்தி டெஸ்க்ல இருக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தலைப்பு எழுதுற உதவி ஆசிரியர்கள் எல்லாருக்கும் இத எழுதுறேன். உங்க வேலையோட அவசரம் எனக்குத் தெரியும், ஒரு முழு சம்பவத்தையும் ஆறேழு வார்த்தைக்குள்ள அடக்கணும், அதுவும் நிமிஷக் கணக்குல. ஆனா அந்த ஆறேழு வார்த்தையத்தான் நானும் பல நாள் செய்தின்னு நம்பிப் படிச்சிட்டுப் போயிருக்கேன்.

"துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் பலி". சுட்டது யாரு? சுடுங்குற வினை 'சூடு'ன்னு பெயராயிடுச்சு, பெயரானதும் எழுவாய் தேவைப்படல, புயல் அடிச்ச மாதிரி தானா நடந்ததா ஆயிடுது. இதவிட என்னை உறுத்துறது "பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்". இங்க எழுவாய் இருக்கு, ஆனா அது பாதிக்கப்பட்டவங்க, செஞ்சவன் வாக்கியத்துலயே இல்ல, அந்தப் பொண்ணுதான் ஏதோ 'ஆன' மாதிரி நிக்குது.

ஸ்கூல்ல செய்வினைய செயப்பாட்டுவினையா மாத்துங்கன்னு சொல்லும்போது பொருள் மாறாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. மாறும்ங்க. கருத்தாடல் பகுப்பாய்வுங்குற (discourse analysis) துறைக்கு 1952ல அந்தப் பேரோடயே கட்டுரை எழுதினவர் அமெரிக்க மொழியியலாளர் ஸெல்லிக் ஹாரிஸ், அவர் வாக்கியத்தத் தாண்டி முழுப் பேச்சும் எப்படிக் கோத்திருக்குன்னு பாத்தார், பின்னாடி வந்தவங்க யாரு யாருக்கு எந்த இடத்துல இருந்து சொல்றாங்க, யார சொல்லாம விடுறாங்கன்னு தேட ஆரம்பிச்சாங்க.

அப்படி வந்த ஆய்வுகள்ல ஒண்ணு உங்க வேலை பத்தினதுதான். 1975 ஜூன்ல ரொடீசியாவோட (இப்போ ஜிம்பாப்வே) தலைநகர் சாலிஸ்பரில, அதான் இப்போ ஹராரே, போலீஸ் சுட்டதுல ஆட்கள் செத்தாங்க. பிரிட்டனோட கார்டியன் பேப்பர் போலீஸ எழுவாயா வச்சு, 11 பேர சுட்டுக் கொன்னதா தலைப்பு போட்டுது. அதே நாட்டு டைம்ஸ் பேப்பர்ல 'கலவரம் செய்த கறுப்பர்கள்'தான் முதல்ல, போலீஸ் அதுக்குப் பின்னாடி, அதாவது செத்தவங்க குத்தவாளியா உள்ள வந்துட்டாங்க. அடுத்த நாள் அதே டைம்ஸ்ல "கலவரத்தில் 13 பேர் கொல்லப்பட்டனர்"ங்குற அளவுக்கு சுருங்கிடுச்சு, சுட்டவங்களே காணோம். ஒரு பொய்கூட எழுதாம இது நடந்துச்சு! 1979ல டோனி ட்ரூங்குற ஆய்வாளர் இத வரிவரியா பிரிச்சுக் காட்டினார்.

படிக்கிறவங்க புரிஞ்சுப்பாங்கன்னு நீங்க சொல்லலாம். உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974ல வெளியிட்ட ஆய்வுல ஒரே விபத்து வீடியோவத்தான் எல்லாருக்கும் காட்டினாங்க, கார் என்ன வேகத்துல போச்சுன்னு கேட்ட கேள்வியில மட்டும் சிலருக்கு கார் 'மோதுச்சு', சிலருக்கு 'நொறுங்க மோதுச்சு'. ஒரு வாரம் கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டா, முதல் வார்த்தைய கேட்ட 50 பேர்ல 7 பேரும், ரெண்டாவதக் கேட்ட 50 பேர்ல 16 பேரும் ஆமான்னாங்க. வீடியோவுல கண்ணாடி உடையவே இல்ல. ஒரு வினைச்சொல் பாத்தவங்க ஞாபகத்தையே மாத்துதுன்னா, பாக்காத நாங்க உங்க வார்த்தைய மட்டும்தானே வச்சிருக்கோம்.

யார் செஞ்சான்னு தெரியாதப்போ, இல்ல கோர்ட்ல நிரூபணம் ஆகாதப்போ, பேர் போடுங்கன்னு நான் கேக்கல. சுட்டது போலீஸ்னு போலீஸே ஒத்துக்கிட்ட செய்தில, உங்க ரிப்போர்ட்டர் முதல் பாராவுலயே எழுதியிருக்குற செய்தில, "போலீஸ் சுட்டு 3 பேர் பலி"ன்னு போடுங்க. ஒரு வார்த்தைகூட அதிகமாகாது. இன்னிக்கு நைட் பேஜ் முடிக்கறதுக்கு முன்னாடி தலைப்புல இருக்குற ஒவ்வொரு 'பட்டார்', 'ஆளானார்', 'பலி'க்கும் "யாரால?"ன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க.