கூட்டணிப் படைகளின் தன்னியக்க ட்ரோன்கள்: பொறுப்பு யாருடையது என்பதை முதலில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்தியாவும் அமெரிக்காவும் 2025 பிப்ரவரியில் வாஷிங்டனில் வெளியிட்ட கூட்டறிக்கையில், தன்னியக்கத் தளவாடங்களுக்கான, அதாவது மனிதர் நேரடியாக இயக்காமல் தாமாகவே இயங்கக்கூடிய கருவிகளுக்கான, தொழில் கூட்டணி ஒன்று அறிவிக்கப்பட்டது. கடற்பரப்புக்கான தன்னியக்க அமைப்புகளையும், எதிரியின் ட்ரோன்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு எதிர்க்கும் அமைப்புகளையும் இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கி உற்பத்தி செய்யும் என்று அதில் சொல்லப்பட்டது. அமெரிக்காவின் ஆண்டுரில் நிறுவனமும் நம் நாட்டின் மஹிந்திரா குழுமமும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டன. இதைப் பற்றிய பேச்சு நம்மிடையே எவ்வளவு முதலீடு வரும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், தொழில்நுட்பம் எந்த அளவுக்கு நம் கைக்கு வந்து சேரும் என்ற கேள்விகளோடு நின்றுவிடுகிறது. அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆயினும், ஒரு நாடு செய்த இயந்திரம் இன்னொரு நாட்டின் படையோடு சேர்ந்து இயங்கி, தானாகவே இலக்கைத் தீர்மானித்து, கொல்லக் கூடாத ஒருவரைக் கொன்றுவிட்டால், எந்த நாட்டின் எந்த அதிகாரி அதற்குப் பதில் சொல்வார் என்பது ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ட்ரோன்களே வேண்டாம் என்று சொல்வது என் நோக்கம் அன்று. உக்ரைன் போரைக் கவனித்து வருபவர்கள் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த காலத்தில் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும், பின்னர் அமெரிக்கா கொடுத்த ஸ்விட்ச்பிளேடு என்ற சிறிய தாக்குதல் ட்ரோன்களும், ஆள்பலத்திலும் பீரங்கிகளிலும் குறைவாக இருந்த ஒரு நாட்டுக்குப் பெரும் துணையாக நின்றன. 2024இல் லாத்வியாவும் பிரிட்டனும் தலைமை ஏற்க, உக்ரைனுக்கு ட்ரோன்கள் வாங்கிக் கொடுப்பதற்கென்றே பல நாடுகள் சேர்ந்த கூட்டணி ஒன்று உருவானது. போர் நீள நீள, ட்ரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையிலான ரேடியோ இணைப்பை முடக்கும் கருவிகள் போர்முனை நெடுகிலும் வந்துவிட்டன. அதற்கு மாற்றாக முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியை ட்ரோன் தன் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் முறை ஒருபுறம் வந்தது. மறுபுறம், மனிதர் ஓர் இலக்கைக் காட்டிய பிறகு, இணைப்பு அறுந்துபோனாலும் கடைசித் தொலைவை ட்ரோனே கேமராவால் பார்த்துப் பறந்து சென்று தாக்கும் முறை வந்தது. தன்னியக்கம் போர்க்களத்துக்குள் நுழைந்த வழி இதுதான். யாரோ ஒரு விஞ்ஞானியின் விபரீத ஆசையால் அது வரவில்லை. இணைப்பு அறுந்த பிறகும் தாக்க வேண்டும் என்ற தேவையால் வந்தது. அந்தத் தேவை உண்மையானது என்பதால்தான் நான் கவலைப்படுகிறேன். இலக்கை மனிதர் காட்டி, கடைசித் தொலைவை இயந்திரம் கடப்பது இன்றைய நிலை என்றால், ஒரு பரப்பைக் காட்டி அதற்குள் இலக்கையும் இயந்திரமே தேடிக்கொள்ளட்டும் என்று விடுவது அடுத்த படி. இரண்டுக்கும் இடையே தொழில்நுட்பத்தில் உள்ள தூரம் குறைவு. பொறுப்பில் உள்ள தூரம் மிகப் பெரிது.

கூட்டணிப் போரில் தானியங்கி ஆயுதம் தவறு செய்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2003 மார்ச் 23 அன்று, இராக் போரின் தொடக்க நாள்களில், பிரிட்டிஷ் விமானப் படையின் டொர்னேடோ விமானம் ஒன்று பணியை முடித்துக்கொண்டு குவைத்தில் உள்ள தன் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதை அமெரிக்கத் தரைப்படையின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர். ராடாரைத் தேடி வந்து தாக்கும் ஏவுகணை ஒன்று தன்னை நோக்கி வருவதாகப் பேட்ரியாட்டின் கணினி அந்த விமானத்தை வகைப்படுத்தியிருந்தது. பின்னர் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் விசாரணைக் குழு கண்டறிந்தவற்றைப் படித்தால் மனம் கனக்கிறது. எதை அத்தகைய ஏவுகணை என்று கொள்வது என்பதற்குக் கணினியில் வைத்திருந்த அளவுகோல், இராக்கிடம் உண்மையில் என்ன இருந்தது என்பதற்கு ஏற்பச் சுருக்கப்படாமல், உலகில் உள்ள பல வகை ஏவுகணைகளையும் உள்ளடக்கும்படி மிகவும் அகலமாக இருந்தது. நண்பனா பகைவனா என்று அடையாளம் காட்டும் கருவி அந்த விமானத்தில் சரியாக வேலை செய்யவில்லை. அந்தப் பேட்ரியாட் பிரிவு தன் மேல்நிலைத் தலைமையோடு தகுந்த தொடர்பு இல்லாமல் தனித்து இயங்கிக்கொண்டிருந்தது. சுடும் முடிவை எடுக்க அதன் வீரர்களுக்குக் கிடைத்த நேரமோ மிகக் குறைவு.

பத்து நாள்கள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, அமெரிக்கக் கடற்படையின் எஃப்-18 விமானத்தையும் பேட்ரியாட் வீழ்த்தியது. அதன் விமானியும் இறந்தார். இரண்டிலும் சுடும் இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். திரையில் வந்ததை நம்பும்படி பயிற்றுவிக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள். ‘மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார், ஆகவே கவலை இல்லை’ என்று இன்றைய ட்ரோன்களைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறுப்பதற்கு நேரமும், மறுப்பதற்கான தகவலும், மறுத்தால் மேலதிகாரி தன்னைக் காப்பார் என்ற உறுதியும் இல்லாத மனிதரைப் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது, தவறு நேர்ந்தால் பழி சுமத்துவதற்கு ஓர் ஆளை வைத்திருப்பதற்கே சமம்.

இயந்திரத்தை ஆதரிப்பவர்கள் மனிதரும் தவறு செய்கிறார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ட்ரோன் நடத்திய தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர், அத்தனை பேரும் பொதுமக்கள், கொல்லப்பட்டனர். ட்ரோனை இயக்கியவர்களும் ஆணையிட்டவர்களும் மனிதர்களே. ஆனாலும் அங்கே கேள்வி கேட்க முடிந்தது. பத்திரிகையாளர்கள் தோண்டித் துருவினார்கள். மூன்று வாரங்களுக்குள் பென்டகன் தன் தவறை ஒப்புக்கொண்டது. இறுதியில் எந்த வீரருக்கும் தண்டனை இல்லை என்று அறிவிக்கப்பட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். மனிதர் முடிவெடுத்த இடத்திலேயே இந்த நிலை என்றால், பல நாடுகளின் மென்பொருளும் உணர்கருவிகளும் சேர்ந்து முடிவெடுத்த இடத்தில் யாரைக் கேட்பது?

நிலம் கொடுத்த நட்பு நாட்டின் பொறுப்பு என்ன என்பதும் நீதிமன்றங்களில் ஏற்கெனவே அலசப்பட்டுவிட்டது. ஜெர்மனியின் ராம்ஸ்டைன் அமெரிக்கத் தளத்தில் ஒரு செயற்கைக்கோள் தொடர்பு நிலையம் இருக்கிறது. அமெரிக்காவில் அமர்ந்து ட்ரோனை இயக்குபவரின் கட்டளைகள் கடலடிக் கேபிள் வழியாக அங்கே வந்து, அங்கிருந்து செயற்கைக்கோளுக்குச் சென்று, மேற்காசிய வானில் பறக்கும் ட்ரோனை அடைகின்றன. 2012 ஆகஸ்டில் ஏமனின் ஹத்ரமவுத் பகுதிக் கிராமம் ஒன்றில் நடந்த தாக்குதலில் உறவினர்களை இழந்தவர்கள், தன் மண்ணை இதற்குக் கொடுத்த ஜெர்மனிக்கும் கடமை உண்டு என்று வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம், அந்தத் தளத்தின் வழியே நடக்கும் தாக்குதல்கள் சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டவையா என்பதை ஜெர்மன் அரசு ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 ஜூலையில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும், ஜெர்மன் அரசோடு போதிய தொடர்பு இருந்து, சர்வதேசச் சட்டம் தொடர்ந்து மீறப்படும் கடும் ஆபத்தும் இருந்தால், வெளிநாட்டில் உள்ள வெளிநாட்டவரையும் காக்கும் கடமை ஜெர்மனிக்கு எழக்கூடும் என்ற கோட்பாட்டை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் இந்த ஒரு வரியைப் பெற ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆயின. தளம் அமைத்த நாளிலேயே யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதியிருந்தால், ஏமன் கிராமத்தார் ஜெர்மன் நீதிமன்றங்களின் படிகளில் இத்தனை ஆண்டுகள் ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன நிகழ்வுகளையெல்லாம்விடச் சிக்கலான நிலை இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரலில் இங்கிலாந்தின் அப்பேவன் என்ற இடத்தில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் தன்னியக்க ட்ரோன்கள் ஒரே கூட்டமாகப் பறந்து இலக்குகளைக் கண்டறியும் சோதனை நடந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே அவற்றின் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் புதிதாகப் பயிற்சி அளித்ததாகவும், அந்த மாதிரிகளை மூன்று நாடுகளும் தமக்குள் மாற்றிக்கொண்டதாகவும் பெருமையோடு அறிவித்தார்கள். தொழில்நுட்பச் சாதனை என்ற அளவில் வியக்கத்தக்கதே. ஆனால் ஒரு நாடு சேகரித்த படங்களைக் கொண்டு இன்னொரு நாடு பயிற்றுவித்த மாதிரி, மூன்றாவது நாட்டின் ட்ரோனில் அமர்ந்து தவறிழைத்தால், பிழை படத்திலா, பயிற்சியிலா, ட்ரோனை அனுப்பிய தளபதியிடமா என்று பிரித்துச் சொல்வது எளிதாக இருக்காது. சட்டமும் மூவருக்கும் ஒன்றல்ல. ஒரு புதிய ஆயுதத்தைக் கையில் எடுக்கும் முன் அது சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஆராய வேண்டும் எனச் சொல்லும் 1977ஆம் ஆண்டின் ஜெனிவா கூடுதல் நெறிமுறையில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் உறுப்பு நாடுகள். அமெரிக்கா அதை உறுதிசெய்யவில்லை. இந்தியா அதில் சேரவே இல்லை.

இப்படிப்பட்ட வேறுபாடுகளைக் கூட்டணி நாடுகள் எழுத்தில் தீர்த்துக்கொள்ள முடியாது என்பதும் சரியன்று. 2008இல் கொத்துக் குண்டுகளை, அதாவது பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் குண்டுகளை, தடைசெய்த உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, தடையை ஏற்ற நாடு ஏற்காத நாட்டோடு சேர்ந்து போரிடும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்கிறது. அந்தப் பிரிவில் ஓட்டைகள் உண்டு என்று விமர்சித்தவர்கள் பலர். இருந்தும், அதைப் பற்றி வாதிட ஒரு வாசகமாவது கையில் இருக்கிறது.

நம் அரசின் நிலையே என்னை அதிகம் கவலைக்குள்ளாக்குகிறது. தன்னியக்க ஆயுதங்கள் குறித்து ஜெனிவாவில் நடந்த அரசு நிபுணர் குழுவின் முதல் இரண்டு ஆண்டுக் கூட்டங்களுக்கு, 2017இலும் 2018இலும், தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். ஆனால் 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் இவ்வாயுதங்கள் பற்றிய தீர்மானம் வந்தபோது 152 நாடுகள் ஆதரிக்க, எதிர்த்து வாக்களித்த நான்கில் இந்தியாவும் ஒன்று. பேச்சு ஜெனிவாவிலேயே நடக்கட்டும், கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இன்னும் காலம் வரவில்லை என்பது நம் தரப்பு. எல்லையில் ஆபத்து உள்ள நாடு ஆயுதத்தைக் கைவிடத் தயங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 2025 மே மாதம் ஒரே இரவில் நம் எல்லை நெடுகிலும் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாகவும், அவை துருக்கித் தயாரிப்பாக இருக்கலாம் என்றும் நம் படையே அறிவித்தது. அந்த ஆபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சர்வதேசச் சட்டத்துக்குக் காலம் வரவில்லை என்றால், நாம் தனித்தனியே கையெழுத்திடும் ஒப்பந்தங்களிலாவது காப்புகள் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

எங்கள் ஊருக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2020 நவம்பரில் இந்தியக் கடற்படை குத்தகைக்கு எடுத்த, அமெரிக்கத் தயாரிப்பான இரண்டு எம்க்யூ-9பி ட்ரோன்கள் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்துதான் பறந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே அதே வகை ட்ரோன்கள் 31ஐ வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது; கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப் படைக்கும் எட்டெட்டு. இவை தன்னியக்க ஆயுதங்கள் அல்ல, மனிதர் இயக்குபவை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க இயந்திரத்தின் அதிகாரம் கூடிக்கொண்டே போகும் காலம் இது. வாங்கிய நாளில் கண்காணிப்புக்கு மட்டும் என்று இருந்த ஒன்று, பத்தாண்டு கழித்து என்னவாக இருக்கும் என்பதை அன்றைய ஒப்பந்தம் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை.

ஆகவே, இந்தியா எந்த நாட்டோடு தன்னியக்கத் தளவாட ஒப்பந்தம் செய்தாலும், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஆணையிடும் அதிகாரி யார் என்பது பதவியளவில் அதில் எழுதப்பட வேண்டும். தாக்குதலை நடுவழியில் நிறுத்தும் உரிமை இந்திய அதிகாரியிடம் இருக்க வேண்டும். பறப்பு, இலக்குத் தேர்வு ஆகியவற்றின் பதிவுகள் விற்ற நிறுவனத்தின் வணிக ரகசியம் என்ற பெயரில் நமக்கு மறுக்கப்படக் கூடாது. மென்பொருளில் பெரிய மாற்றம் வரும்போதெல்லாம் புதிய ஆயுதம் போலவே மறுபடியும் சோதிக்க வேண்டும். பொதுமக்கள் உயிரிழந்தால் யார் விசாரிப்பது, யார் இழப்பீடு தருவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு, மேற்சொன்ன தொழில் கூட்டணியின் கீழ் தயாராகும் முதல் ஒப்பந்த வரைவை, ராணுவ ரகசியங்களை நீக்கியாவது, கையெழுத்துக்கு முன் வரவழைத்து இந்தக் கூறுகள் அதில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நம் மாநிலத்திலிருந்து அக்குழுவில் இடம்பெறும் உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
அரக்கோணம்.