வேன் மேல இருக்கற "ஆன் ஸ்கூல் டியூட்டி" போர்டு பத்தி பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம புள்ளைங்களை ஏத்திட்டு வந்த ஒரு வாடகை வேன்ல இருந்து மேல இருந்த போர்டு வளைவுல கழண்டு ரோட்ல விழுந்துச்சு. பின்னாடி பைக்ல வந்த ஒரு அப்பா சடன் பிரேக் போட்டு சறுக்கிட்டாரு, முட்டியில சிராய்ப்போட போச்சு, முன்னாடி உக்காந்திருந்த பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. மறுநாள் காலைல வந்த வாடகை வேன் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு போர்டா கையால ஆட்டிப் பாத்தேன், பார்த்ததை உங்ககிட்ட மறைக்காம சொல்லணும்னுதான் இந்த கடிதம்.

போர்டு எதுக்கு மடிக்கிற மாதிரி இருக்குன்னு சிலர் கேட்டீங்க. வாடகைக்கு எடுக்கற வண்டில "ஆன் ஸ்கூல் டியூட்டி"ன்னு தெளிவா தெரியணும்னு 1997ல சுப்ரீம் கோர்ட் சொன்ன விதிகள்லயே இருக்கு. ஆனா அதே வேன் ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கும் போகும், அப்ப போர்டு தெரியக்கூடாது. அதனால கீல் வச்சு படுக்க வைக்கறாங்க. அது சரிதான், கீலை யாரும் திரும்பிப் பாக்காததுதான் தப்பு.

விழுந்த போர்டோட கீலை கையில வாங்கிப் பாத்தேன். கீலோட ரெண்டு பாதியையும் கோக்கற கம்பி, அதான் பின், அது உக்கார்ற ஓட்டை வட்டமா இல்ல, முட்டை மாதிரி நீளமா தேஞ்சிருக்கு. அந்த பின் கழண்டு போன இடத்துல ஒரு ஆணிய வளைச்சு சொருகி இருந்தாங்க. சுத்தி கருப்பா ஒரு பசை, விரல்ல தேச்சுப் பாத்தா நறநறன்னு மணல். கிரீஸ் போட்டா நல்லதுன்னு நினைச்சு போட்டுருக்காங்க பாவம், நம்ம ரோட்டுத் தூசி அதுல ஒட்டி அரம் மாதிரி இரும்பை அறுத்துருச்சு. அதனால இனிமே அந்த கீலுக்கு கிரீஸ் வேண்டாம், வாரம் ஒருக்கா துணியால தொடச்சா போதும்.

பிசிக்ஸ் எடுக்கற ஆளுங்கறதால இன்னொண்ணையும் கவனிச்சேன். வேன் ஓடும்போதை விட கேட் முன்னாடி இஞ்சின் ஓடிட்டே நிக்கும்போதுதான் போர்டு அதிகமா படபடன்னு அடிக்குது. 4 சிலிண்டர் டீசல் இஞ்சின் ஐடிலிங்ல நிமிஷத்துக்கு 750 சுத்துன்னு வச்சுக்கிட்டா செகண்டுக்கு 25 தடவை உதறல் வரும், மெல்லிசான தகடோட சொந்த அதிர்வும் அதுக்குப் பக்கத்துல இருந்தா ஊஞ்சலை சரியான நேரத்துல தள்ளி விடற மாதிரி ஆட்டம் ஏறிட்டே போகும். ஓடும்போது காத்து வேற. 2 அடிக்கு 1 அடி போர்டு நிமிந்து நின்னா 40 கிலோமீட்டர் வேகத்துல காத்து ஏறக்குறைய ஒண்ணே முக்கால் கிலோ அளவுக்கு தள்ளும், 60ல போனா கிட்டத்தட்ட 4 கிலோ ஆயிரும். வேகம் ஒன்றரை மடங்குதான் ஏறுது, தள்ளு ரெண்டே கால் மடங்கு. லேட் ஆச்சுன்னு டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டு அவசரப்படுத்தறவங்க தயவுசெஞ்சு இதை நினைச்சுக்கோங்க.

"நட்டுக்கு அடியில ஸ்பிரிங் வாஷர் போட்டுருக்கோம் சார், கழலாது"ன்னு பட்டறையில சொன்னாங்க. அவங்க மேல மரியாதை உண்டு, ஆனா பக்கவாட்டு அதிர்வுல நட்டு தானா எப்படி சுத்திக் கழலுதுன்னு 1969லயே யூங்கர்ங்கற ஜெர்மன் இஞ்சினியர் மெஷின் வச்சு காட்டிட்டாரு, அந்த மாதிரி சோதனைல ஸ்பிரிங் வாஷர் பெருசா தாங்கறது இல்ல. அதனால உள்ள நைலான் வளையம் இருக்கற நைலாக் நட்டு போடச் சொல்லிட்டேன், கழட்டினா பழசை திரும்ப போடாம புதுசு.

மத்த மாத்தங்களும் பேசியாச்சு. ரெண்டு சின்ன கீலுக்கு பதிலா போர்டு நீளத்துக்கு ஒரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல், அப்பதான் பாரம் ஒரே எடத்துல விழாது. தகட்டோட விளிம்பை முக்கால் இஞ்ச் மடிச்சா வெறைப்பு கூடி அந்த படபடப்பு குறையும். எல்லாத்தையும் விட முக்கியம், போர்டு நிமிந்து நின்னாலும் படுத்தாலும் டோர் பீடிங் ரப்பர் (வண்டிக் கதவு ஓரத்துல வர்ற ரப்பர் பட்டை) மேல அழுந்தி உக்காரணும், அதை டிபன் கேரியர் கொண்டி மாதிரி இழுத்துப் பிடிக்கிற கிளிப் போட்டு பூட்டணும். இடைவெளி இருந்தாத்தான் முட்டும், முட்டினாத்தான் தேயும். கம்பி வச்சோ கயிறு வச்சோ கட்டறது ஒரு நாளைக்கு சரி, ஒரு வருஷத்துக்கு ஆகாது. இவ்வளவுக்கும் மீறி கழண்டாலும் ரோட்டுக்கு வராம இருக்க ஒரு பிரேக் கேபிளை போர்டுக்கும் வேன் கூரை மேல இருக்கற கேரியருக்கும் சேத்து முடிஞ்சு விடறோம்.

செலவு ஸ்கூலே ஏத்துக்கும், மாச வேன் பீஸ்ல யாரும் கூட்டிக் கேக்கக்கூடாதுன்னு ஓனர்கள்கிட்ட சொல்லியாச்சு. வர்ற சனிக்கிழமை வாடகை வேன் எல்லாம் பட்டறையில நிக்கும், அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கற 10, 12ம் வகுப்பு புள்ளைங்களை மட்டும் நீங்களே கொண்டு வந்து விடணும், சிரமத்துக்கு மன்னிக்கணும்.

வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்ச பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்திருப்போம். கோடு நேரா இருந்தா நட்டு அசையல, ரெண்டா விலகி இருந்தா கழல ஆரம்பிச்சுருச்சு. புள்ளைய ஏத்தி விடும்போது அண்ணாந்து ஒரு பார்வை பாருங்க. விலகி இருந்தா குரூப்ல போட்டு டிரைவரை சங்கடப்படுத்தாம, போர்டை படுக்க வைக்கச் சொல்லிட்டு எனக்கு நேரா போன் பண்ணுங்க, காலைல 7 மணில இருந்து எடுப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்