பாடம் நடக்காத வகுப்பையும் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம்.

அஞ்செட்டி, தளி பக்கத்து ஈராசிரியர் பள்ளிகளில் 1, 2, 3-ஆம் வகுப்புகளை ஒருவரும் 4, 5-ஆம் வகுப்புகளை இன்னொருவரும் பார்த்தால், முன்னவருக்கு 13 பாடம், பின்னவருக்கு 10. பார்வைக்கு வரும்போது கரும்பலகைப் பக்கம்தான் கண் போகும். ஆனால் ஒரே ஆசிரியர் பல வகுப்பைச் சேர்த்து நடத்தும் இணைவகுப்பு தேறுவதும் கெடுவதும் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால். அங்கே உட்காருங்கள்.

40 நிமிடப் பாடவேளையில் 4-ஆம் வகுப்புக்கு வகுத்தல் நடத்தும் 15 நிமிடமும் 5-ஆம் வகுப்புக்குக் கைவேலை, அதாவது ஆசிரியர் இல்லாமல் தாங்களே செய்யும் வேலை, இருக்க வேண்டும். பலகையில் நாலு கணக்கு மட்டும் எழுதிப்போட்டால் ஆறாவது நிமிடமே "முடிச்சிட்டேன் சார்" என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். வகுத்தல் பாதியில் அறுந்துவிடும். கணக்கை அட்டையில் எழுதி, விடையைப் பின்பக்கம் போட்டு, அடுத்த அட்டையையும் கையெட்டும் இடத்தில் வைத்தால் இப்படி யாரும் வந்து நிற்க மாட்டார்கள். விடையைப் பார்த்து எழுதிவிடுவார்களே? எழுதுவார்கள், ஒரு வாரத்துக்கு. வழிமுறையைக் கேட்க ஆரம்பித்தால் தானாக நிற்கும்.

1-ஆம் வகுப்புக்கு அட்டை உதவாது. படிக்கத் தெரியாத பிள்ளை, அதிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, எழுதிய கட்டளையை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கையில் பொருள் வேண்டும். நம் ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்! கொட்டாங்குச்சிக்கு 24 போடுங்கள். 1-ஆம் வகுப்பு எண்ணும். 2-ஆம் வகுப்பு 2 பத்து, 4 ஒன்று என்று பிரிக்கும். 3-ஆம் வகுப்பு 6 பேருக்குப் பங்கு போடும். ஒரு கொட்டை குறைந்தாலும் ஆளுக்கு 4 வராது. பிள்ளையே பாய்க்கு அடியில் தேடும், ஆசிரியரைக் கூப்பிடாது.

இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வாய்விட்டு வாசிப்பு வைத்தால் இரண்டும் கெடும். பலகைகள் எதிரெதிர்ச் சுவரில் இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 4-ஆம் வகுப்பு முழுக்க 5-ஆம் வகுப்பின் பாடத்தையே வேடிக்கை பார்க்கும்.

உங்களிடம் கேட்பது மூன்றுதான். நேர அட்டவணையை வகுப்புக்கு ஒன்றாகக் கேட்காமல், யார் பாடத்தில், யார் கைவேலையில் என்று காட்டும் ஒரே தாளாக, ஆசிரியருக்கு ஒன்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அரை நாளை அட்டை தயாரிக்க விடுங்கள். ஒரு பள்ளியின் இரண்டு ஆசிரியரையும் ஒரே தேதியில் பயிற்சிக்கு அழைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்கள்