சிவகாமியை வெட்டியது நான்தான்

வாணிக்கு,

உன் பெயரை இங்கே போட மனமில்லை. அதனால் நீ நடித்த பாத்திரத்தின் பெயர். குழுவில் எல்லோருக்கும் யாரென்று தெரியும், அவர்களும் இதைப் படிப்பார்கள்.

வரும் சனிக்கிழமையோடு ஒரு வருஷம். மனோன்மணீயம் நாடகத்தை மறுபடி மேடையேற்றுகிறோம். இந்தத் தடவை, அதில் வாணி பாடும் கிளைக்கதையான சிவகாமி சரிதம் உண்டு.

மொட்டைமாடி ஒத்திகையில் கரண்ட் போன ராத்திரி. பலதேவனாக நடித்தவன் செல்போன் டார்ச்சைப் போட்டான். "அணைடா" என்றாய். தரையில் விரலால் தட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தாய். ஆண் வேடத்தில் காதலனைத் தேடிக் காட்டுக்குள் வந்தவள், அடைக்கலம் தந்த துறவியிடமே தன் கதையைச் சொல்லும் இடம். துறவிதான் அவன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் யாரும் அசையவில்லை. கீழ்வீட்டம்மா காய்ந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு பாதிப் படியில் நின்றுவிட்டார்.

மறுநாள் காலை அதை வெட்டினேன்.

1891-ல் வந்த செய்யுள் நாடகம், 5 அங்கம், 20 களம். என்னிடம் இருந்தது 70 நிமிஷம். கதையில் அரசகுரு சுந்தர முனிவர் அமைக்கும் சுரங்கத்தையே மேடையாக்கி, இருபுறமும் ஆட்களை உட்காரவைத்து, நடுவில் அந்தக் குறுகல் வழியிலேயே அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியும், கனவில் கண்டவனுக்கு இளவரசி மனோன்மணி மாலையிடுவதும் நடக்க வேண்டும். கிளைக்கதை வந்தால் மூச்சு விட்டுப்போகும் என்று பயந்தேன். அந்தப் பயம் தப்பு என்று இன்னும் முழுசாகச் சொல்ல மாட்டேன். உன்னிடம் நேரில் சொல்லாமல் திருத்திய பிரதியை குரூப்பில் போட்டது தப்பு. மன்னித்துவிடு.

ஆனால் 10 நாள் இருக்கும்போது நீ போனையே எடுக்காமல் விட்டாயே! குடிலனின் மகன் பலதேவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும்போதுகூட மனோன்மணி தன் தோழி வாணியின் கல்யாணத்துக்காகத்தான் அப்பாவிடம் கேட்கிறாள். தோழியே இல்லாத மேடையில் அதை வெறும் சுவரைப் பார்த்துப் பேசவைத்தேன். புதுமை என்று பாராட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது, உன்மேல். அதற்கப்புறம் நீ சொன்னதாக என் காதுக்கு வந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த இருட்டில் என் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. உன்னிடம் கேட்கவில்லை. புதிதாக வாணியாக வரும் பெண் அதைக் கேட்டுத்தான் பாடம் பண்ணுகிறாள். பாதியில் நீ இருமினாயே, அந்த இடத்தில் அவளும் ஒரு கணம் நிறுத்துகிறாள்.

மெட்டு நீ போட்டது. வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல். பாட்டை எடுத்துவிடுகிறேன்.