உன் ராஜநாகமும் என் ராஜநாகமும்

யீஷூன்,
சிங்கப்பூர்

அன்புள்ள பேச்சி,

மாப்பிள்ளைக்கு அம்பாசமுத்திரத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் எனக்குத்தான் முதலில் நிம்மதியாக இருந்தது. இனி பேத்தியைப் பார்க்க நீ மதுரை பஸ்ஸில் இடுப்பொடிய உட்கார வேண்டாம். அண்ணனைக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு குனிந்து பாரம் தூக்கவிடாதே. சொன்னால் கேட்கிற ஆளில்லை, தெரியும். இங்கே பெரியவன் தேசிய சேவையை, அதாவது கட்டாய ராணுவப் பணியை, முடித்துவிட்டு வேலை தேடுகிறான். தெக்கோங் தீவுக் காட்டில் ராத்திரியெல்லாம் படுத்துக் கிடந்தவனிடம் பாம்பு பார்த்தாயா என்று கேட்டால், கொசுவைத்தான் பார்த்தேன் என்கிறான். இவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. சோற்றைக் குறைத்தாயிற்று, வாய் குறையவில்லை.

சரி, உன் பள்ளியின் பாம்புக் கண்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் அட்டையில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, தலை முக்கோணமாக இருந்தால் விஷம், கண்மணி பூனைக்கு இருப்பதுபோல் நெட்டாக இருந்தால் விஷம், வட்டமாக இருந்தால் விஷமில்லை என்று. ஏட்டி, அதை மட்டும் ஒட்டிவிடாதே. நல்லபாம்புக்குக் கண்மணி வட்டம். கட்டுவிரியனுக்கு வட்டம். ராஜநாகத்துக்கும் வட்டம்தான். மலைப்பாம்புக்கு நெட்டு, மண்ணுளிக்கு நெட்டு, இரண்டுக்கும் விஷமே கிடையாது. பச்சைப்பாம்புக்குக் கண்மணி படுக்கைவாட்டில் சாவித்துவாரம் மாதிரி இருக்கும், அதை உன் அட்டவணையில் எங்கே வைப்பாய்? தண்ணீர்ப்பாம்பைச் சீண்டிப் பார், கழுத்தைத் தட்டையாக்கிப் படமெடுக்கிற மாதிரி நிற்கும். இந்த விதியெல்லாம் வட அமெரிக்காவுக்குச் சரிப்படும். அங்கே விஷப்பாம்பு என்றால் பவளப்பாம்பைத் தவிர ஏறக்குறைய எல்லாம் முக்கோணத் தலையும் நெட்டுக் கண்மணியும் உள்ள குழிவிரியன்கள். அதை அப்படியே தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தால், வட்டக் கண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டுவிரியனைக் கையில் எடுக்கப் போகிறான் ஒரு பையன்.

நாம் காலேஜில் ஃபார்மலின் நாற்றத்துக்கு நடுவில் மனப்பாடம் செய்த செதில் கணக்கு எவ்வளவோ மேல். மேலுதட்டில் மூன்றாவது செதில் மூக்கையும் கண்ணையும் தொட்டால் நாகம் அல்லது பவளப்பாம்பு. முதுகு நடுவரிசைச் செதில் பெரிதாக அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன். லின்னேயஸே 1758ல் பாம்புகளைப் பிரித்தது வயிற்றுச் செதிலையும் வாலடிச் செதிலையும் எண்ணித்தான். (அந்த மனுஷனுக்குப் பாம்பென்றாலே அருவருப்பு, தவளையோடு ஒரே கூட்டத்தில் தள்ளிவிட்டார்.) ஆனால் செதில் எண்ண, பாம்பு செத்துக் கையில் கிடக்க வேண்டும். உயிரோடு இருப்பதை எண்ணப் போகிறவனுக்கு எண்ணிக்கை தேவைப்படாது.

போன மாதம் எங்கள் புளோக்கின் படிக்கட்டில் ஒன்று மிதிபட்டுச் செத்துக் கிடந்தது. கீழ்வீட்டு மலாய் அக்கா கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே என்னைக் கூப்பிட்டார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட நீளம், பழுப்பு நிறம், கழுத்தில் மங்கலான வெள்ளைப் பட்டி, உடம்பு முழுக்கப் பொடிப்பொடியான வெளிர்க் கோடுகள். விளக்கடியில் பல்லி பிடிக்க வந்த ஓநாய்ப்பாம்பு. நம்மூரில் வெள்ளிக்கோல் வரையன் என்பார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். ஒரு காகிதத்தில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதுகு நடுவரிசைச் செதிலும் பக்கத்துச் செதிலும் ஒரே அளவு, அறுகோணம் எதுவும் இல்லை. வழவழவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னியது. நம்மூர் வரையனைக் கட்டுவிரியன் என்று எத்தனை வீட்டில் அடித்திருப்பார்கள்! பட்டைகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வரையனுக்குப் பட்டை கழுத்தில் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் மங்கல், வால் பக்கம் அழுத்தம். இந்த ஒன்றை மட்டும் உன் பிள்ளைகளுக்குப் படமாக வரையச் சொல்.

அப்புறம், கட்டுவிரியனை விரியன் வரிசையில் ஒட்டியிருக்கிறாய். பிய்த்து நல்லபாம்பின் பக்கத்தில் ஒட்டு. இரண்டும் ஒரே குடும்பம். வாய்க்கு முன்னால் சின்னதாக, மடங்காத பல், நரம்பைத் தாக்கும் விஷம். கண்ணாடிவிரியனும் சுருட்டையும் வேறு குடும்பம். நீளமான பல், வாயை மூடும்போது மடங்கி மேலண்ணத்தோடு படுத்துக்கொள்ளும், கடித்தால் வீங்கும், ரத்தம் உறையாது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரிதாக வலியும் இராது, வீக்கமும் இராது. பாயில் படுத்துத் தூங்கினவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, இமையைத் தூக்க முடியவில்லை என்று சொல்வார். வீட்டில் யாருக்கும் பாம்பு நினைப்பே வராது. கடல்பாம்புகளை நாம் படித்த காலத்தில் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள், இப்போது அவையும் நல்லபாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டன.

விஷம் உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரிப்பது நம் பயம் செய்த பிரிவு. பாம்பின் வம்சாவளியில் அப்படி ஒரு கோடு கிடையாது. உலகத்தில் 4,000 வகைக்குமேல் பாம்பு இருக்கிறது, அதில் ஏறக்குறைய பாதி சாரை, கொம்பேறிமூக்கன், பச்சைப்பாம்பு இருக்கிற அந்த ஒரே குடும்பத்தில். எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் பரணில் ஏற்றுவது போல, விரியனுமில்லை நாகமுமில்லை என்றால் அங்கே போட்டுவிட்டார்கள். மரபணு பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பரணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிக்கிறார்கள். அந்தக் குடும்பத்திலும் பின்பல் விஷக்காரர்கள், அதாவது விஷப்பல் வாயின் பின்பக்கம் இருப்பவை, உண்டு. எங்கள் மரத்தில் திரியும் பச்சைப்பாம்புக்கு இருக்கிறது, அதனால் மனுஷருக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங் என்ற மரப்பாம்புக்கும் பின்பல்தான். 1957ல் சிகாகோ ஃபீல்ட் மியூசியத்துக்காரர் கார்ல் ஷ்மிட், உலகறிந்த பாம்பு விஞ்ஞானி, ஒரு சின்ன பூம்ஸ்லாங் கடித்ததை உயிருக்கு ஆபத்தென்று எண்ணாமல், உடம்பில் நடப்பதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்து மறுநாள் இறந்துபோனார். குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் அதுதான் கதி. சொந்தம் யார் என்பதும் ஆபத்து எவ்வளவு என்பதும் வேறு வேறு கேள்வி பேச்சி, இரண்டையும் ஒரே அட்டையில் எழுதாதே.

உனக்குச் சொல்ல வேண்டிய பெரிய செய்தி ராஜநாகம். 2024ல் அதை நான்காகப் பிரித்துவிட்டார்கள். 1836ல் கேன்டர் என்ற விஞ்ஞானி பெயர் வைத்ததிலிருந்து இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை எல்லாம் ஒரே இனம் என்றுதான் நாமும் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். இப்போது மரபணுவையும் உடம்பின் பட்டைகளையும் வைத்துப் பார்த்ததில் நான்கு தனித்தனி இனம். உன் வீட்டுக்கு மேலே பொதிகையில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, பெயர் காளிங்கா. இங்கே சிங்கப்பூரில் இருப்பது மலாயா, சுமத்ரா, போர்னியோ பக்கத்து பங்காரஸ். இனி உன் ராஜநாகமும் என் ராஜநாகமும் ஒன்றல்ல. இங்கே இருக்கிறதா என்று சிரிக்காதே. 2015ல் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் ராஜநாகமும் மலைப்பாம்பும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்ததை ஊரே வீடியோவில் பார்த்தது.

பெயரை மாற்றுவதில் என்ன லாபம் என்று அண்ணன் கேட்பார். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்து வரும் நம்மூர் முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை நான்குக்கும்தான். ராஜநாகத்துக்கு அது உதவாது, மலைக்காட்டு மூக்குக்குழிவிரியனுக்கும் உதவாது. தாய்லாந்தில் செய்கிற ராஜநாக மருந்து அந்த ஊர்ப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்தது. அது வேறு இனம் என்று தெரிந்தால், காளிங்காவுக்கு எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று யாராவது உட்கார்ந்து சோதிக்கத்தான் வேண்டும். பெயரில் தொடங்கும் விஷயம் ஆஸ்பத்திரி அலமாரியில் போய் நிற்கிறது.

மலைப்பாம்பிலும் இதே கதைதான். இங்கே சாக்கடைக் கால்வாயில் எலி தின்று வளர்கிற வலைக்கோட்டு மலைப்பாம்பு, உலகத்திலேயே நீளமான பாம்பு, மழைக்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில்கூட வந்து படுக்கும். அதற்கும் நம்மூர் மலைப்பாம்புக்கும் உள்ளதைவிட ஆஸ்திரேலியா மலைப்பாம்புகளோடுதான் அதற்குச் சொந்தம் நெருக்கம். 2014ல் மலையோபைத்தான் என்று தனிப் பேரினம் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் 2004ல் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் முந்திக்கொண்டு வேறு பெயர் வைத்திருந்தார், முறையான ஆய்வு இல்லை என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் அதைத் தொடவே மறுத்துவிட்டார்கள். பெயர் சூட்டுவதில் நம் குடும்பச் சண்டை தோற்றது.

எனக்குப் பிடித்தவை இதெல்லாம் இல்லை. சனிக்கிழமைகளில் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பிள்ளைகளுக்கு வழிகாட்டப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அங்கே சேற்றில் ஒரு பாம்பு, ஜெரார்டா. பார்க்க ஒன்றுமே இல்லை, சாம்பல் நிறம், விரல் மொத்தம்தான். பாம்பு என்றால் இரையை முழுசாக விழுங்கும், பிய்க்கத் தெரியாது என்று நீயும் நானும் எழுதி மார்க் வாங்கினோம். இது பிய்க்கும். ஓட்டைக் கழற்றிய நண்டு இன்னும் மெத்தென்று இருக்கும் நேரம் பார்த்துப் பிடிக்கும். உடம்பை வளையமாகச் சுருட்டி, அதற்குள் நண்டை விட்டு, வாயால் கவ்வி இழுக்கும். வளையத்தில் சிக்கிக் கிழிந்து வரும் துண்டை விழுங்கிவிட்டு, அடுத்த துண்டுக்கு மறுபடி இழுக்கும். தன் வாய்க்குள் ஒருபோதும் நுழையாத பெரிய நண்டையே இப்படித் தின்றுவிடுகிறது. இதை 2002ல் நேச்சர் இதழில் எழுதியவர்களில் இந்த ஊர்ப் பேராசிரியர் பீட்டர் ங்கும் ஒருவர். இந்தச் சேற்றுப்பாம்புகளும் முன்னே பரணில் கிடந்தவைதான், இப்போது தனிக் குடும்பம்.

இன்னொன்று, எங்கள் வராந்தாவின் கறிவேப்பிலைத் தொட்டியில் வந்தது. மண்ணை மாற்றக் கொட்டினால் கறுப்பு நூல் மாதிரி ஒன்று நெளிகிறது. மண்புழுவென்று நினைத்த இவர் குனிந்து பார்த்துவிட்டு, நாக்கு நீட்டுகிறதே என்றார். புழுப்பாம்பு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிதான் கண். வால் நுனியில் ஒரு சின்ன முள். மற்ற பாம்புகளுக்கு வயிற்றில் அகலமான செதில் இருக்குமே, இதற்கு அது இல்லை, சுற்றிலும் ஒரே மாதிரி. எல்லாமே பெண், ஆணே இல்லாமல் முட்டையிடும். அதனால்தான் தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று போனாலும் அந்த ஊரில் வம்சம் பெருகிவிடுகிறது. நம் பக்கத்திலிருந்தே கிளம்பி உலகம் சுற்றியிருக்கிறது. உன் வீட்டுத் தொட்டியிலும் இதே இனம்தான், இதை மட்டும் இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

கண்காட்சிக்கு என் யோசனை இது. அட்டவணையை விட்டுவிட்டு, யாருக்கு யார் சொந்தம் என்று காட்டும் மரம் மாதிரி ஒரு கிளைப்படம் வரையச் சொல். பல்லியினக் கிளையில் தொடங்கு. பாம்பு பல்லிக் கூட்டத்துக்குள்ளிருந்துதான் வந்தது, சுவர்ப்பல்லியைவிட உடும்புக்குத்தான் நெருக்கம். மலைப்பாம்பின் வாலடியில் பின்னங்காலின் மிச்சமாக இரண்டு நகம் இன்னும் இருக்கிறது, அதை ஒரு பெண் பெரிதாக வரையட்டும். சாரையும் நாகமும் பிணைகின்றன என்று யாராவது தாத்தா வந்து சொன்னால், இரண்டும் வேறு வேறு குடும்பம், பின்னிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள் என்று பதில் சொல்லப் பழக்கு. கடைசியாக, கடித்தால் என்ன செய்வது என்பதைக் கிளைக்குள் நுழைக்காமல் தனி அட்டையில் பெரிய எழுத்தில் போடு. கட்டக்கூடாது, கீறக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

எனக்கு ஒரு உதவி வேண்டும். கேடயவால் பாம்புகள் இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் எங்கேயும் கிடையாது. மழை விட்டபின் மலைப்பாதையில் ஏதாவது வண்டியில் அடிபட்டுக் கிடந்தால், வாலைக் கிட்டப்போய்ப் படம் எடுத்து அனுப்பு. சரிவாக வெட்டின மாதிரி, முள்முள்ளாக, மண் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கம்தான் வால். அதைத் தலை என்று நினைத்து எடுக்காதே. உயிரோடு இருந்தால் ஓரமாகத் தள்ளிவிடு, ஆனால் அந்த மலையில் கையில் குச்சி இல்லாமல் எதையும் தொடாதே.

அன்புடன்,
சுப்பு