விவசாயி வச்ச தேக்கு அவருக்கே பாரமா நிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்காசி மாவட்டத்துல சின்னதா ஒரு மரவாடி வச்சிருக்கேன், அப்பா காலத்துல இருந்து இதே தொழில்தான். உங்க பேப்பர்ல மரக்கன்னு நடுற செய்தி அடிக்கடி வருது, பாக்க சந்தோஷமா இருக்கு, ஆனா நட்ட மரம் வளந்து வெட்டுற பக்குவத்துக்கு வந்தப்புறம் அந்த விவசாயி என்ன பாடு படுறாருன்னு யாரும் எழுதலையேன்னுதான் இத எழுதுறேன்.

போன வருஷம் பக்கத்து ஊர் பெரியவர் ஒருத்தர் வந்தாரு. வரப்போரமா 20 வருஷத்துக்கு முன்ன வச்ச தேக்கு, மொத்தம் 14 மரம், பேத்தி கல்யாணத்துக்கு விக்கணும்னாரு. போய் டேப் புடிச்சு சுத்தளவு பாத்தேன், நல்ல நேரான மரம், வைரமும், அதாவது உள்ள இருக்குற கெட்டியான மரமும், ஓரளவு ஏறியிருந்துச்சு. பேசி முடிச்சாச்சு. அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது அலைச்சல். பட்டா, சிட்டா, அடங்கல், விஏஓ சர்டிபிகேட், அத எடுத்துட்டுப் போய் வனத்துறையில மனு, அவங்க வந்து எண்ணி அளக்கணும், வெட்டின பிறகு மறுபடி வந்து கட்டையில சுத்தியலால அடிச்சு வனத்துறை முத்திரை போடணும், அப்புறம் வழிச்சீட்டு, அதாவது மரத்த ஏத்திட்டுப் போற அனுமதிச் சீட்டு, வந்தாத்தான் லாரி நகரும். வெட்டுறதுக்கு அனுமதி வாங்கவே மாசக்கணக்காச்சு, வெட்டினப்புறம் முத்திரை போட ஆள் வரல, இன்னிக்கு மீட்டிங், நாளைக்கு வேற டியூட்டி. கட்டை வயல்லயே மழையில கெடந்து வெட்டு முகமெல்லாம் வெடிச்சு, வைரம் ஏறாத வெளிப்பக்க வெள்ளை மரத்துல கரையான் ஏறிடுச்சு. கல்யாணம் வட்டிக்கு வாங்கி நடந்து முடிஞ்சுது. நான் பேசுன ரேட்ட என்னாலயே குடுக்க முடியல, அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. அவரு என்ன பண்ணாரு தெரியுமா, தோட்டத்துல இருந்த இளங்கன்னு எல்லாத்தையும் புடுங்கிட்டு தென்னை வச்சுட்டாரு.

அதே வாரம் என் வாடிக்கு தூத்துக்குடி துறைமுகத்துல இருந்து ஒரு லோடு தேக்கு வந்து எறங்குச்சு. ஆப்பிரிக்கா கட்டை, வெட்டு முகத்துல பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கும். கடல் தாண்டி வந்த மரத்துக்கு பேப்பர் எல்லாம் ஒரே கட்டா ரெடியா இருக்கு, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குற மரம் வந்து சேரல. மனசு கேக்கல சார்.

சட்டமே வேண்டாம்னு நான் சொல்ல வரல. கூடலூர்ல காடு அழியுதுன்னு போட்ட கேஸ்ல காட்டுல இஷ்டத்துக்கு மரம் வெட்டக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர்ல குடுத்த உத்தரவு மட்டும் இல்லன்னா மேற்குத் தொடர்ச்சி மலையில பாதி இன்னிக்கு மொட்டையா நின்னிருக்கும். ஆனைமலையில இருக்குற டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பேர் வந்ததே அங்க இருந்து கட்டைய உருட்டி விட்டதாலதான், கப்பலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் அந்த ஆனைமலை தேக்கு போய்க்கிட்டே இருந்துச்சு, அப்புறம் ஹ்யூகோ வுட்னு ஒரு வன அதிகாரி வந்து மறுபடி வளத்தெடுத்தாரு, அவரு சமாதியே அங்கதான் இருக்கு. காட்டுல கை வைக்கக் கூடாது, அதுல எனக்கு மாத்துக் கருத்து கிடையாது. மலையடிவாரத்துல, காட்ட ஒட்டின பட்டா நெலத்துல கெடுபிடி இருக்கட்டும், மலைப்பகுதி மரங்களுக்குன்னு 1955லயே தனிச் சட்டம் இருக்கு, அது தளரவே கூடாது.

ஆனா காட்டுல வெட்டலன்னா மரம் எங்க இருந்து வரும்? கதவு, ஜன்னல், கட்டில், பிளைவுட், பேப்பர் எல்லாத்துக்கும் வேணுமே. இதுக்கு பதில் 1988 தேசிய வனக் கொள்கையிலயே இருக்கு, ஆலைங்க தனக்கு வேண்டிய மரத்த விவசாயிகளோட சேந்து வளத்துக்கணும், காட்ட நம்பக் கூடாதுன்னு. அத ஒழுங்கா செஞ்ச எடத்துல பலன் தெரியுது. கரூர் காகிதபுரத்துல இருக்குற டிஎன்பிஎல் காகித ஆலை விவசாயிகளோட ஒப்பந்தம் போட்டு சவுக்கும் தைலமரமும் வளக்க வச்சு வாங்குறாங்க. அந்த ரெண்டு மரத்துக்கும் பெருசா கெடுபிடி கிடையாது, சவுக்கு மூணு நாலு வருஷத்துல காசாகிடும், அதனாலதான் இவ்ளோ பரவியிருக்கு. விவசாயி மரத்த மட்டும் பாத்து நடுறதில்ல, எந்த மரத்துக்கு எந்த ஆபீஸ் ஏறணும்னு பாத்துத்தான் நடுறாரு. தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்) மாதிரி காலம் புடிக்கிற மரத்துக்கு ரூல் ஜாஸ்தி, அதனால ஆளும் கம்மி.

மாத்த முடியாதுன்னும் இல்ல. சந்தன மரம் பட்டா நெலத்துல முளைச்சாலே வம்புன்னு பயந்த காலம் இருந்துச்சு, 2002ல சட்டத்த திருத்தி நெலத்துக்காரருக்கே சொந்தம்னு ஆக்குனாங்க, இப்ப தைரியமா நடுறாங்க. காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கில 2017ல சட்டத்தோட மரக் கணக்குல இருந்தே எடுத்து விட்டாங்க. 2023 டிசம்பர்ல நாடு முழுக்க ஒரே வழிச்சீட்டுன்னு ஆன்லைன் முறை வந்துச்சு. 2025ல விவசாய நெலத்து மரத்துக்குன்னு மாதிரி விதிகள மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கு.

பட்டா பேப்பர காட்டி காட்டு மரத்த கடத்துறாங்களேன்னு அதிகாரிங்க சொல்றதுல நியாயம் இருக்கு, இந்தத் தொழில்ல இருக்குறவன் நான், அது நடக்கவே இல்லன்னு சொன்னா பொய். ஆனா அதுக்கு காவல் மரம் வெட்டுற அன்னிக்கு போட வேண்டியதில்ல, நடுற அன்னிக்கே போடலாமே. நெல்லையும் வாழையையும் அடங்கல்ல எழுதுற மாதிரி எந்த சர்வே நம்பர்ல எத்தனை தேக்கு, எந்த வருஷம் வச்சதுன்னு எழுதிடுங்க, போட்டோவோட எடத்தையும் பதிஞ்சிடுங்க. 20 வருஷம் கழிச்சு அவரு வெட்டும்போது கணக்கு கண்ணு முன்னால இருக்கும், யாரும் போய் புதுசா எண்ண வேண்டியதில்ல. இத்தனை நாளுக்குள்ள பதில் வரலன்னா அனுமதி குடுத்ததா அர்த்தம்னு ஒரு கெடு வைங்க. நிக்கிற மரத்துக்கு பேங்க்ல கடன் கிடைக்கிற மாதிரி ஒரு வழி செஞ்சா இன்னும் நல்லது, நகைக்கு கிடைக்குதே, அவசரத்துக்கு பிஞ்சு மரத்த வெட்டி விக்கிற கொடுமையாவது நிக்கும்.

2022ல தொடங்குன பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடும் மரமும் சேந்து 33 சதவீதம் ஆகணும்னு சொல்லுது. அதுல பெரும்பங்கு விவசாயி நெலத்துலதான் வளந்தாகணும், வேற எடம் எங்க இருக்கு?

பெரியவரோட வரப்புல அடிக்கட்டை அஞ்சாறு மறுபடி தளுத்திருக்கு. தேக்கு அப்படித்தான், வேர் உசுரோட இருந்தா விடாம வந்துரும். ஒரு கட்டைக்கு ஒரு நல்ல தளுப்ப மட்டும் விட்டுட்டு மத்தத கழிச்சு விட்டா போதும், நட்டதவிட வேகமா ஏறும்னு சொன்னேன். விடட்டுமா, இல்ல தோண்டி எடுத்துரட்டுமான்னு என்னையவே கேக்குறாரு. அவருக்கு அரசாங்கம் பதில் சொல்லணும்.

இப்படிக்கு,
மரவாடிக்காரர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்